கோடி ரூபாய் காரும் கொஞ்சம் பசையும்



ஸ்போர்ட்ஸ் கார் படம் ஒட்டாத ஹாஸ்டல் ரூம் உண்டா? அந்தப் படத்தைப் பார்த்ததும் நாம் கேட்பது இரண்டே கேள்விதான்: "எத்தனை சிசி? டாப் ஸ்பீடு என்ன?" எதை எதோடு, எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் புத்தம் புதிய விலையுயர்ந்த கார்கள் தீப்பிடித்து எரிந்ததற்கான விடை அந்த மூன்றாவது கேள்வியில்தான் இருந்தது. இரண்டு உண்மைச் சம்பவங்களைப் பார்ப்போம்.

1. சூடு தாங்காத பசை

இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 2009-இல் '458 இத்தாலியா' என்ற காரை அறிமுகம் செய்தது. 4.5 லிட்டர் வி-8 இன்ஜின், 570 குதிரைத்திறன், மணிக்கு 325 கி.மீ. வேகம். அடுத்த ஆண்டே சில கார்கள் தீக்கிரையாயின. நம்மைக் கேட்டால் பெட்ரோல் லைனைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். 2010 செப்டம்பரில் நிறுவனம் சொன்ன காரணமோ வேறு. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுப் பகுதியில் பயன்படுத்திய பசைதான் அது!

வெப்பத் தடுப்புத் தகடு சூட்டில் நெளிந்தது. பசை எக்ஸாஸ்ட்டின் சூடான பாகங்களில் பட்டது. முதலில் புகை, பிறகு தீ. 1,248 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பரிகாரம் என்ன தெரியுமா? பசையை எடுத்துவிட்டு ரிவெட் அடித்தார்கள். ஷீட் மெட்டல் ஷாப்பில் நாம் "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்த ரிவெட் இனம்தான்!

தகடு ஏன் நெளிகிறது? 1 மீட்டர் அலுமினியம் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 2.3 மி.மீ. நீளும், ஸ்டீல் சுமார் 1.2 மி.மீ. நீளும். ஓரங்களை இறுக்கிப் பிடித்துவிட்டால் நீள இடமில்லை. அப்போது தகடு நெளிந்துதான் ஆகவேண்டும்.

2. அப்படியானால் பசை கெட்டதா?

அவசரப்பட வேண்டாம். 1996-இல் விற்பனைக்கு வந்த இங்கிலாந்தின் லோட்டஸ் எலீஸ் காரின் அலுமினியச் சேஸிஸே எபாக்ஸி பசையால் ஒட்டப்பட்டதுதான். அதன் எடை 68 கிலோ மட்டுமே. பசை சறுக்கு விசையை, அதாவது ஷியரை, நன்றாகத் தாங்கும். ஸ்டிக்கரைப் பிய்ப்பதுபோல ஓரத்திலிருந்து உரித்தால் தாங்காது. அதனால் அங்கே பசையோடு திருகாணிகளும் துணைக்கு இருக்கின்றன. ஆக, குற்றம் பொருளில் இல்லை. அதை வைத்த இடத்தில் இருக்கிறது.

3. தளர்ந்த திருகாணி

2014-இல் ஜெர்மனியின் போர்ஷே 911 ஜிடி3 கார்கள் இரண்டு ஐரோப்பாவில் தீப்பிடித்தன. கனெக்டிங் ராடின் திருகு இணைப்பு தளர்ந்து, ராட் கிராங்க் கேஸை உடைத்து, வெளியே கொட்டிய ஆயில் பற்றிக்கொண்டது. விற்ற கார்களை ஓட்டவேண்டாம் என்று நிறுவனமே உரிமையாளர்களிடம் கேட்டுக்கொண்டது. கடைசியில் 785 கார்களுக்கும் முழு இன்ஜினையே மாற்றித்தர முடிவு செய்தது.

அந்த இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை சுழலும். அதாவது விநாடிக்கு 150 முறை பிஸ்டன் மேலே போய்த் திரும்பவேண்டும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டன் பறக்கத் துடிக்கும். பிடித்து இழுப்பவை அந்தச் சின்னத் திருகாணிகள்தான். சரியான டார்க் கொடுத்து முறுக்கினால் திருகாணி கொஞ்சம் நீண்டு, ஸ்பிரிங் போல இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கம் போய்விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பாரம் முழுவதும் அதன்மேல் ஏறி ஏறி இறங்கும். உலோகம் களைத்துப்போகும். இதைத்தான் ஃபடீக் என்று படிக்கிறோம்.

4. நமக்கு என்ன பாடம்?

எந்த இணைப்பைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேட்போம்:

அ) இங்கே எவ்வளவு சூடு வரும்?
ஆ) விசை எந்தத் திசையில் வருகிறது?
இ) அதிர்வில் இது தளருமா?
ஈ) பிறகு பிரித்துப் பார்த்துச் சோதிக்க முடியுமா?

தோழர்களே, ரெக்கார்டு நோட்டில் டார்க் மதிப்பை அழகாக எழுதுகிறோம். ஷாப்பில் போய் ஸ்பேனரை ஒரு இழு இழுத்துவிட்டு, "போதும்டா, விடு" என்கிறோம். வரைபடம் போடுபவர் வேறு யாராகவோ இருக்கலாம். நாளை அசெம்பிளி லைனில் அந்தத் திருகாணியை முறுக்கப்போவதும், "சரி பார்த்தேன்" என்று கையெழுத்துப் போடப்போவதும் டிப்ளமோ படித்த நாம்தான். அந்த வண்டியில் ஒரு குடும்பம் ஏறி உட்காரும். அவர்களுக்கு நம் முகம் தெரியாது. நம் கையெழுத்தை நம்பித்தான் போகிறார்கள்.

அடுத்த முறை "போதும்டா" என்று சொல்லும் முன், இன்னொரு தடவை டார்க் ரெஞ்சை எடுப்போமா?

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்