சொந்த இணையத்தளம்: வீட்டில் வைப்பதா, வெளியில் வைப்பதா?

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்த கடற்கரை ஊரான சல்லியில் வாழும் ஒருவர், முத்துமாரியம்மன் கோயில் விழாப் படங்களையும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்கு முந்திய ஊரின் புகைப்படங்களையும் தம் வீட்டுக் கணினியில் சேர்த்து இணையத்தளமாக்க முனையும்போது, கேட்போருக்குப் பக்கங்களை எடுத்து அனுப்பும் கணினியாகிய வழங்கியை எங்கே வைப்பது என்பதே முதற் கேள்வியாகிறது.

வீட்டுக் கணினியையே வழங்கியாக்க அப்பாச்சி போன்ற இலவச மென்பொருள் போதும். கட்டணமும் பிறர் விதிகளும் இல்லை என்பது அதன் சிறப்பு. ஆனால் கனடாவிலுள்ள உறவினர் மாலையில் தளத்தைத் திறக்கும்போது சல்லியில் விடியற்காலையாக இருக்கும். அந்நேரத்திலும் கணினி இயங்க வேண்டும். 2022இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை மறக்கவியலாது. மேலும், கைபேசி வலையமைப்பு வழியான இணைப்புகளில் பல வாடிக்கையாளர் ஒரே பொது இணைய முகவரியைப் பகிர்வதால், வெளியிலிருந்து வரும் வேண்டுகோள் குறிப்பிட்ட வீட்டை எட்டுவதே பெரும்பாலும் இயலாது. கற்பதற்கு இவ்வழி மிக நன்று. ஊரின் நினைவை ஒப்படைப்பதற்கு அன்று.

பிளாகர் போன்ற இலவசச் சேவைகள் தொடங்க எளியவை. எனினும் 1994இல் தோன்றிய அத்தகைய இலவசச் சேவையான ஜியோசிட்டீஸை யாகூ 2009இல் மூடியபோது, வீட்டில் பிரதி வைக்காதோரின் பக்கங்கள் பல அழிந்தன.

கட்டண வழங்கியில் வேர்ட்பிரஸ் என்னும் தள மேலாண்மை மென்பொருளை நிறுவினால் உலாவி வழியாகவே எழுதலாம். ஆயினும் அம்மென்பொருளையும் அதன் செருகுநிரல்களையும் இடையறாது புதுப்பிக்காவிடில் ஊடுருவலுக்கு இடமுண்டு என்பதால், தனியொருவருக்கு அது சுமையாகும்.

ஆகவே நிலையான பக்கங்களே, அதாவது தரவுத்தளமின்றி வெறும் கோப்புகளாக நிற்கும் பக்கங்களே, இங்கு மிகப் பொருத்தமானவை. மூலக் கோப்புறை வீட்டிலேயே இருக்க, அதன் பிரதி மட்டும் கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்துக்குப் பதிவேற்றப்படுகிறது; மின்சாரம் போனாலும் தளம் நிற்கும், சேவை மூடினாலும் அதே கோப்புறையை வேறிடத்தில் ஏற்றலாம். அங்கு ஒரு தளத்துக்கு வரம்பு 1 ஜிபி என்பதால் படங்களைச் சுருக்கியே ஏற்ற வேண்டும். முழு அளவுப் படங்கள் வன்தட்டில் இருக்கட்டும்.

படங்களோடு சேர்க்க, பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய குறிப்புகளை அப்படியே ஏற்றுவது பெருந்தவறு. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் குறியீட்டிலேயே சேமிக்கப்படுவதால், தேடுபொறிக்கு அவை பொருளற்ற எழுத்துக்கோவையாகவே தெரியும். தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே அவை தேடலில் அகப்படும்.

வழங்கி மாறினாலும் முகவரி மாறாதிருக்க, செலவு செய்யத்தக்க ஒன்று ஆள்களப் பெயர், அதாவது தளத்தின் சொந்தப் பெயர். அது .lk என்னும் இலங்கைக் குறியீட்டுடனோ, தமிழிலேயே அமைந்த .இலங்கை என்னும் ஈற்றுடனோ அமையலாம். அதன் புதுப்பிப்பு நாளையும் கடவுச்சொல்லையும் குடும்பத்தில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும்.