பால் சங்கமும் தனியார் கொள்முதலும்

கிராமத்தார் கூட்டாக நடத்தும் தொழிலில் தனியார் புகுந்தால் அது தேறுமா, தேயுமா? நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரக் கடைக்காரர்கள் இதைப் பாலை வைத்தே படிக்கலாம்.

பால் பண்ணைத் தொழிலுக்கு இருந்த லைசென்ஸ் முறையை மத்திய அரசு 1991இல் நீக்கியது. 1992இல் வந்த பால் ஆணை, யார் எந்தப் பகுதியில் கொள்முதல் செய்யலாம் என்று எல்லை வகுத்தது. 2002இல் அந்த எல்லையும் போயிற்று. ஆவினை யாரும் விற்கவில்லை; சங்கங்கள் இன்றும் உறுப்பினர் சொத்துதான். ஆனால் அவர்கள் கறக்கும் பால் வேறு வண்டியில் ஏறத் தொடங்கியது.

சங்கத்தின் கொள்முதல் விலை அரசு உத்தரவில் வருகிறது. பசும்பாலுக்கு லிட்டர் 32 ரூபாய் என்றிருந்தது 2022 நவம்பரில் 35 ஆகி, 2023 டிசம்பரில் 38 ஆனது. இடைப்பட்ட மாதங்களில் தீவன விலை ஏறினால் சங்கச் செயலாளர் கையைப் பிசைவார். தனியார் ஏஜெண்டோ அன்றே விலையைக் கூட்டிச் சொல்வார். பால் பெருகும் பருவத்தில் அதே ஏஜெண்ட் விலையைக் குறைப்பார். அப்போது எல்லாரும் சங்கத்து வாசலுக்கே வருவார்கள். ஆகவே போட்டியால் மாட்டுக்காரருக்கு லாபம் உண்டு; சங்கம் நிற்கும்வரைதான் உண்டு என்பது என் கருத்து.

2023 மே மாதம் முதலமைச்சர் மத்திய அரசுக்கு எழுதிய கடிதத்தில், அமுல் கொள்முதலுக்குத் திட்டமிட்ட மாவட்டங்களில் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் இருந்தன. 9,673 சங்கங்கள், சுமார் நாலரை லட்சம் உறுப்பினர்கள், தினமும் 35 லட்சம் லிட்டர் என்று அதில் கணக்கு. அமுலும் 1946இல் பிறந்த கூட்டுறவுதான் என்பது வேடிக்கை.

சீனாவில் உண்மையாகவே கைமாற்றினார்கள். ஷுண்டேயில் 1968இல் 23 பேர் 5,000 யுவான் திரட்டித் தொடங்கிய பட்டறைதான் மிடியா. பின்னாளில் நிர்வாகிகளே பங்குகளை வாங்கினார்கள், வளர்ந்தது. அதே வட்டாரத்துக் குளிர்பெட்டிக் கம்பெனி கெலானை 2001இல் வெளியாள் வாங்கினார். 2005இல் அவர் கைதானார். தொழில் தெரிந்தவர் வாங்குவது வேறு, வெளியாள் வாங்குவது வேறு.

நமக்கென்ன என்று கேட்கலாம். பால் பணம் வரும் நாளில்தான் கிராமத்து மளிகைப் பாக்கி அடைகிறது. கமிஷன் கூடுதல் என்று தனியார் பாக்கெட்டை முன்வரிசையில் அடுக்குவதும் நாம்தான். கிராமக் கடைக்குக் கடன் சரக்கு விடுமுன் மூன்று விசாரிப்பேன்: அந்த ஊர்ச் சங்கத்தில் எத்தனை பேர் பால் ஊற்றுகிறார்கள், பட்டுவாடா எத்தனை நாள் பாக்கி, ஏஜெண்ட் முன்பணம் கொடுத்து யாரையெல்லாம் பிடித்திருக்கிறார்.