கல்லூரி வாயிலும் உள்ளத்து அச்சமும்



மேல்நிலைக் கல்வியின் இரண்டாம் ஆண்டு முடியுந் தறுவாயில் நம் இல்லங்களில் நிகழும் பேச்செல்லாம் மதிப்பெண்ணைப் பற்றியதாகவே இருக்கிறது. எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு என்று பெரியவர்கள் கணக்கிடுகின்றனர். அப்பேச்சின் நடுவே அமர்ந்திருக்கும் பிள்ளையின் உள்ளத்தில் வேறொரு வினா ஓடிக்கொண்டிருக்கும். 'நான் அங்கே தனியாக எப்படி இருப்பேன்?' என்பதே அவ்வினா.

அதனை எவரும் கேட்பதில்லை, பிள்ளையும் சொல்வதில்லை. சொல்லப்படாத அச்சம் வேறு உருவம் கொண்டு வெளிவருகிறது. 'அந்தப் படிப்பில் எனக்கு விருப்பமில்லை', 'ஓராண்டு கழித்துப் பார்க்கலாம்' என்பன போன்ற சொற்களாக அது கேட்கும். இவை சில வேளைகளில் உண்மைக் காரணங்களே. ஆயின், அச்சத்தால் எடுத்த முடிவை விருப்பத்தால் எடுத்ததாக எண்ணிக்கொள்ளும் மாணவர், தம் வாழ்வின் ஒரு பெரும் வாயிலைத் தாமே அடைத்துவிடுகின்றார். ஆகவே அவ்வச்சத்தை வெளிப்படையாக எடுத்து ஆராய்வது இன்றியமையாதது.

1. அச்சத்தின் இயல்பு

நம் ஆகம மரபு அச்சத்தை மோகனீயக் கருமத்தின் கீழ் வரும் ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. நகைப்பு, துயரம் முதலியவற்றோடு ஒருங்கே வைக்கப்பட்டுள்ள அது, உதயமாகிப் பின் அடங்குவதேயன்றி உயிரின் இயல்பன்று. 'நான் பயந்த சுபாவம் உடையவன்' என்று ஒரு மாணவன் தன்னைப் பற்றி முடிவு கட்டுவது இதனால் தவறாகிறது. 'இப்பொழுது எனக்கு அச்சம் வந்துள்ளது' என்பதே சரியான கூற்று.

உடலும் இதற்குச் சான்று பகர்கிறது. அச்சம் எழும்போது நெஞ்சு படபடக்கும், வயிறு கலங்கும், உள்ளங்கை வியர்க்கும். ஆபத்தினின்று தப்புவதற்காக உடல் செய்துகொள்ளும் ஆயத்தமே இது. சற்று நேரம் மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிட்டால் படபடப்பு தணியத் தொடங்கும்.

ஓர் உண்மையை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். அஞ்சிய இடத்தைத் தவிர்த்தால் அக்கணமே நிம்மதி கிடைக்கும். அந்நிம்மதியின் சுவையால் மனம் மறுமுறையும் தவிர்க்கவே தூண்டும். அச்சமோ முன்னினும் வளரும். அதற்கு மாறாக, அஞ்சிய இடத்தைச் சிறிது சிறிதாக நெருங்கிப் பழகினால் அச்சம் குறையும். உளநல மருத்துவர்கள் அச்சத்தை நீக்கக் கையாளும் முறைகளுள் முதன்மையானது இதுவே.

2. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தல்

'கல்லூரி என்றால் பயம்' என்பது கட்டிய மூட்டை போன்றது. கட்டியிருக்கும் வரை அது பெரும் பாரமாகத் தோன்றும். ஒரு தாளை எடுத்து, அஞ்சுவது எதனை என்று ஒவ்வொன்றாக எழுதுக. பெரும்பாலோர் எழுதுவன கீழ்க்கண்டவையாகவே இருக்கும்.

மொழி: தமிழ்வழியில் பயின்றவர், ஆங்கிலத்தில் நடைபெறும் வகுப்பை எண்ணிக் கலங்குவர். இக்கலக்கத்திற்கு மருந்து முன்கூட்டிய பழக்கமே. நாள்தோறும் ஆங்கில நாளிதழில் பத்து வரிகளை வாய்விட்டுப் படிக்கலாம். தம் பாடத்தின் கலைச்சொற்களுக்கு இரு மொழியிலும் ஒரு குறிப்பேடு தொகுக்கலாம். அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் தமிழ்வழி வகுப்புகள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகமும் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது.

உணவு: நம் பிள்ளைகளுக்கே உரிய கவலை இது. விடுதிச் சாம்பாரில் வெங்காயம் இருக்கும். இரவு உணவு விளக்கு வைத்த பின்னரே கிடைக்கும். 'சாப்பிட முடியாமல் பட்டினி கிடப்பேனோ, அல்லது ஒழுக்கத்தை விட்டுவிடுவேனோ' என்று இரு பக்கமும் அஞ்சும் பிள்ளை தனக்குள்ளேயே வருந்தும். விரதங்கள் அவரவர் ஆற்றலுக்கேற்ப மேற்கொள்ளப்படுவன என்பது நம் நெறி. ஆதலின், எதனை எவ்விடத்தும் விடாது காப்பது, எதனை இயன்ற அளவு காப்பது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே பெற்றோரும் பிள்ளையும் அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்க. ஊன், முட்டை, தேன் போன்றவற்றில் ஐயத்திற்கு இடமில்லை. கிழங்கு வகையும் இரவு உணவும் பற்றி விடுதிக் காப்பாளரிடம் சேரும் நாளிலேயே பணிவுடன் எடுத்துரைக்கலாம். மாலையில் முன்கூட்டியே உணவு எடுத்துக்கொள்ள இசைவு கேட்பது நாணத்திற்குரிய செயலன்று. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல், பொரி, பொட்டுக்கடலை ஆகியவை அறையில் இருந்தால் பாதிக் கவலை தீரும். உடன் பயில்வோர் வினவினால் ஓரிரு சொற்களில் காரணம் கூறினால் போதும். மறைப்பதால்தான் கேலி வளரும்.

மூத்த மாணவர்: ராகிங் கொடுமை பற்றிய அச்சம் பொருளற்றதன்று. 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதை அடுத்து, தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதிமுறைகளை வகுத்தது. அவற்றின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு அமைதல் வேண்டும். 1800-180-5522 என்னும் எண்ணில் முறையிடவும் வழியுண்டு. இவ்வெண்ணைப் பிள்ளையும் பெற்றோரும் குறித்து வைத்துக்கொள்க.

பணம்: வீட்டு நிலையறிந்த பிள்ளை 'என்னால் குடும்பம் கடன்படுமோ' என்று அஞ்சும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. 2014 சனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடுமாதலின், தலைமையாசிரியரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டு, வேண்டிய சான்றிதழ்களைத் தேர்வுக்கு முன்பே பெற்றுவிடுக. குடும்பத்தின் வரவு செலவைப் பிள்ளையிடம் எண்களாகவே சொல்லிவிடுதல் நன்று. பிள்ளை தானே கற்பனை செய்துகொள்ளும் தொகை பெரும்பாலும் உண்மைத் தொகையினும் பெரிதாக இருக்கும்.

தோல்வி: பள்ளியில் முதலிடம் பெற்றவர் கல்லூரியில் நடுவிடம் பெறுவது இயல்பு. அங்கே பல பள்ளிகளின் முதல் மாணவர்கள் ஒன்றுகூடுகின்றனர். ஒரு தாளில் தவறினால் அதனை அடுத்த பருவத்தில் மீண்டும் எழுத முடியும். 'அரியர்' விழுந்தவரெல்லாம் வாழ்க்கையில் விழுந்தவரல்லர்.

3. படிப்படியான பயிற்சி

பட்டியல் எழுதியபின் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலை வகுத்துக்கொள்க. எளியதிலிருந்து அரியதற்கு ஏறுக.

முதற்படியாக, வந்தவாசிக்கோ திண்டிவனத்திற்கோ ஆரணிக்கோ தனியே பேருந்தில் சென்று ஒரு வேலையை முடித்து வருக. அடுத்து, வங்கிக்குச் சென்று தம் பெயரில் கணக்குத் தொடங்கிப் படிவங்களைத் தாமே நிரப்புக. மூன்றாவதாக, வெளியூர் உறவினர் இல்லத்தில் மூன்று இரவுகள் பெற்றோரின்றித் தங்குக. தம் துணியைத் தாமே துவைத்துக்கொள்க. நான்காவதாக, செய்யாற்றிலோ விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ உள்ள கல்லூரிக்கு வேலைநாளில் சென்று, வகுப்புகளையும் நூலகத்தையும் கண்டு, அலுவலகத்தில் ஒரு வினாவேனும் கேட்டு வருக. இறுதியாக, அக்கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசுக.

ஒரு படியில் நெஞ்சு படபடத்தால் அங்கேயே சற்று நின்று, அப்படியை மீண்டும் செய்க. படபடப்பு முழுதும் நீங்கிய பின்னரே அடுத்த படி என்று காத்திருக்க வேண்டுவதில்லை. அச்சம் இருக்கும்போதே செய்து பழகுதலே இப்பயிற்சியின் சாரம்.

'நம்மவர் எவரும் அங்குச் சென்றதில்லை' என்பாரும் உளர். நம் சமூகத்திற் பிறந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயும், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் முதல்வராயும் விளங்கியவர். நீலகேசியை உரையுடன் 1936-இல் பதிப்பித்து உலகறியச் செய்தவரும் அவரே. அத்தகைய முன்னோரின் வழிவந்த பிள்ளைகட்கு உயர்கல்வி அந்நியமான இடமன்று.

4. பெற்றோர்க்குரிய பாடம்

பிள்ளையின் அச்சத்தில் ஒரு பகுதி பெற்றோரிடமிருந்து பெற்றது. 'அங்கே நீ எப்படி இருக்கப் போகிறாயோ!' என்று தாய் கலங்கும் ஒவ்வொரு முறையும், 'அங்கே இருக்க முடியாது' என்றே பிள்ளையின் காதில் விழுகிறது. 'நீ போய் வருவாய். இடர் வந்தால் நாங்கள் இருக்கிறோம்' என்பதே சொல்லத்தக்க சொல். முதல் முறை வீடு திரும்பும் நாளை முன்பே குறித்துவிடுக. நாளுக்குப் பத்து முறை தொலைபேசியில் அழைப்பதைவிட, மாலையில் ஒரு குறித்த நேரத்தில் பேசுவது இருவர்க்கும் உறுதி தரும். வீட்டு நினைவால் முதற் சில வாரங்கள் கண்ணீர் வருவது இயல்பு. அதற்காக உடனே அழைத்து வந்துவிடலாகாது.

பெண்மக்களைப் பற்றித் தனியே ஒன்று கூற வேண்டும். மகனின் அச்சத்தைப் போக்க முயலும் இல்லம், மகளின் அச்சத்தை மட்டும் காரணமாக ஏற்றுக்கொள்கிறது. 'அவளே போக அஞ்சுகிறாள்; வரன் பார்க்கலாம்' என்று பேச்சு முடிந்துவிடுகிறது. நல்ல மதிப்பெண் பட்டியல் பெட்டிக்குள் உறங்குகிறது. மகளுக்கும் அதே பட்டியல், அதே பயிற்சி, அதே கால அவகாசம் தருக. அதன்பின் அவள் எடுக்கும் முடிவே அவளது முடிவாகும்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் தளர்ந்தாரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணமும், உடனுறைவோரிடம் அன்பு பாராட்டும் வாத்சல்யமும் அடங்கும். நெறியினின்று தளர்வோரைக் குறித்துச் சொல்லப்பட்ட இக்கடமைகளின் உணர்வு, படிப்பில் மனந்தளரும் பிள்ளைக்கும் உதவ நம்மைத் தூண்ட வேண்டும். ஒவ்வோர் ஊரிலும், எக்கல்லூரியில் நம் பிள்ளைகள் எவர் பயில்கின்றனர் என்று ஒரு பட்டியல் ஜினாலயத்தில் வைக்கலாம். புதிதாகச் செல்வோர்க்கு ஒரு மூத்த மாணவர் துணை கிடைத்தால் முதல் வாரத்தின் பாரம் பெரிதும் குறையும்.

5. எப்பொழுது மருத்துவ உதவி நாடுவது?

இரு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் உணவும் கெட்டிருந்தாலும், பள்ளிக்கே செல்ல மறுத்தாலும், அடிக்கடி மூச்சுமுட்டும் திகில் வந்தாலும் மருத்துவரிடம் காட்டுக. வாழ விருப்பமில்லை என்ற சொல் ஒருமுறை வந்தாலும் தாமதம் கூடாது. அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மனாஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்து கொள்வது போன்றதே இதுவும், மறைக்க வேண்டுவதில்லை.

குடும்பத்துடன் கலந்து சிந்திக்க

1. நான் அஞ்சுவன எவை? அவற்றுள் செய்தி அறிந்தால் தீர்வன எவை, பழகினால் தீர்வன எவை?
2. உணவு ஒழுக்கத்தில் நான் எவ்விடத்தும் விடாதது எது? இயன்ற அளவு காப்பது எது?
3. இம்மாதம் நான் ஏற வேண்டிய படி எது? எந்நாளில்?
4. (பெற்றோர்க்கு) என் அச்சத்தை என் பிள்ளையின் அச்சமாகக் கருதிக்கொண்டிருக்கின்றேனா?