'ஃபேர்' என்னும் ஆங்கிலச் சொல்

வடக்குப்பட்டு முதலிய ஒரகடம் வட்டாரக் கிராமங்களின் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கையாளும் ஆங்கிலத் தாள்களில் 'ஃபேர்' என்னும் அடைமொழி அடிக்கடி வருவதுண்டு. அதற்குப் பொருள் ஒன்றன்று, பல. அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

'ஃபேர் பிரைஸ் ஷாப்' என்பதை நாம் நியாய விலைக் கடை என்கிறோம், இதில் ஐயமில்லை. நிறத்தைக் குறித்தால் வெண்மை. வானிலையைக் குறித்தால் மழையின்மை. மழைக்கு ஏங்கும் உழவருக்கு அது நல்ல வானிலையாகாது என்பது வேறு செய்தி! 'ஃபேர் காப்பி' எனில் அடித்தல் திருத்தலின்றி எழுதிய சுத்தப் பிரதி.

நம்மை ஏமாற்றக்கூடிய பொருள் ஒன்றுண்டு. சாலை, கட்டடம் இவற்றை 'குட்', 'ஃபேர்', 'புவர்' எனத் தரம் பிரிக்கையில் 'ஃபேர்' என்பது நன்று என்பதன்று, நடுத்தரமே. மேல்நிலை நீர்த்தொட்டிக்கு எதிரே இச்சொல் காணப்படின், பழுதில்லை என்று வாளாவிருத்தல் கூடாது.

நிலம் கொடுப்போர் ஊன்றி நோக்கவேண்டியது 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டமாகும். அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'ஃபேர் காம்பென்சேஷன்', அதாவது நியாயமான இழப்பீடு, என்னும் தொடர் உள்ளது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் அச்சொல் இல்லை. பேச்சு வழக்கில் 'ஃபேர்' என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது; இச்சட்டத்திலோ அதற்குக் கணக்கு உண்டு. சந்தை மதிப்பைக் கண்டு, கிராமப்புறமாயின் 1 முதல் 2 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கி, மரம், கிணறு முதலியவற்றின் மதிப்பைக் கூட்டி, அவ்வாறு வரும் தொகைக்கு 100 விழுக்காடு ஆறுதல் தொகையும் சேர்த்தல் வேண்டும். பழைய சட்டத்தில் 1984 முதல் ஆறுதல் தொகை சந்தை மதிப்பில் 30 விழுக்காடாகவே இருந்தது. ஆகவே, 'இது ஃபேரான தொகை' என்று எவரேனும் வாய்மொழியாகக் கூறின், சந்தை மதிப்பு எவ்வாறு காணப்பட்டது, பெருக்கிய எண் யாது என்பனவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுக.