வளையம் இருக்கிறது, வேலை என்ன?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. இப்போது விழித்திரை ரத்தக்குழாய்களில் கசிவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதே நேரத்தில், 'வட்ட ஆர்.என்.ஏ.வைத் தடுத்தால் சர்க்கரை நோயாளியின் கண் தப்பும்' என்றொரு செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது நிஜமா, மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: எந்த ஆஸ்பத்திரியிலும் அது மருந்தாக இல்லை. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். அந்தச் செய்தி இன்னும் பலர் கைக்குப் போயிருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் வேண்டாத பகுதிகளை வெட்டிவிட்டு, எக்ஸான் எனப்படும் வேண்டிய துண்டுகளை வரிசையாக ஒட்டுவது செல்லின் வழக்கம். சில சமயம் பின்னால் இருக்கும் எக்ஸானின் வால், முன்னால் இருக்கும் எக்ஸானின் தலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. நுனியே இல்லாத ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. இதுதான் வட்ட ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளில் பலவும் நுனியிலிருந்துதான் வேலையைத் தொடங்கும். நுனி இல்லாததால் வளையம் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிறது. 2013-இல் மனிதத் தோல் செல்களில் செய்த அளவீட்டில், இத்தகைய வளையங்கள் பாதியாகக் குறைய 48 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதே மரபணுக்களின் சாதாரண ஆர்.என்.ஏ. 20 மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

1979-லேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இவை கண்ணில் பட்டுவிட்டன. ஆனாலும் முப்பது வருஷம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை, வெட்டி ஒட்டும்போது நேர்ந்த பிழை என்றே நினைத்தார்கள். அதற்கு ஆய்வக வழக்கமும் ஒரு காரணம். ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க அதன் முடிவிலுள்ள அடினைன் வாலைத்தான் பிடித்து இழுப்பார்கள். வளையத்துக்கு ஏது வால்? கழிவோடு போய்விட்டது. வாலை நம்பாமல் எல்லாவற்றையும் படிக்கத் தொடங்கிய பிறகு, 2012 வாக்கில்தான், ஆயிரக்கணக்கில் வளையங்கள் இருப்பது தெரிந்தது.

ரத்தக்குழாய்க்கு வருகிறேன். குழாயின் உட்புறம் முழுக்க ஒற்றை அடுக்காகப் படர்ந்திருப்பவை எண்டோதீலியச் செல்கள். எது உள்ளே வரலாம், எது வெளியே கசியலாம், புதுக்கிளை எங்கே முளைக்க வேண்டும் என்பதிலெல்லாம் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் ஸ்டெஃபானி டிம்லரின் குழு, தொப்புள்கொடியின் சிரையிலிருந்து எடுத்து வளர்த்த இந்தச் செல்களை ஆக்ஸிஜன் குறைந்த சூழலில் வைத்து, எந்த வளையங்கள் கூடுகின்றன, எவை குறைகின்றன என்று பார்த்தது. முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. ஆக்ஸிஜன் குறைந்ததும் கூடியவற்றில் ஒன்று சி-இசட்.என்.எஃப்.292. வாயில் நுழையாத பெயர், வெறும் 292 என்றே சொல்கிறேன். இந்த வளையத்தை மட்டும் குறிவைத்து அடக்கியதும், செல்கள் குழாய் வடிவம் எடுப்பதும் கிளை விடுவதும் குறைந்துவிட்டன. பிழை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று இல்லாமல் போனதும் செல்லின் வேலை தடுமாறியது என்பதுதான் இதில் செய்தி.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தக் குழு 'இல்லை' என்று சொன்ன ஓர் இடம். அது புரிய 2013-க்குப் போக வேண்டும். மூளையில் ஏராளமாகக் காணப்படும் சி.டி.ஆர்.1.ஏ.எஸ். என்ற வளையத்தில், மைக்ரோ ஆர்.என்.ஏ.-7 என்ற சிறு மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்ள 70-க்கும் மேற்பட்ட இடங்கள் இருப்பதாக அந்த ஆண்டு இரண்டு குழுக்கள் அறிவித்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது மரபணுக்களின் வேலையை அடக்குவது. அதை வளையம் பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டால் அடக்கப்பட்ட மரபணு விடுதலை ஆகும். அழகான விளக்கம். அப்புறம் என்ன, எந்த வளையம் கிடைத்தாலும் பஞ்சு என்றே எழுதத் தொடங்கிவிட்டார்கள். வளையத்தின் பெயரையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் எண்ணையும் மாற்றினால் அடுத்த கட்டுரை தயார் என்கிற அளவுக்கு. பிராங்க்ஃபர்ட் குழு தங்கள் 292-ஐ அப்படிச் சோதித்துப் பார்த்து, பஞ்சு வேலைக்கான தடயம் இல்லை என்று எழுதியது. பிந்தைய ஆய்வில், அது ஒரு புரதத்தோடு சேர்ந்து, ரத்தம் ஓடும் திசைக்கு ஏற்ப செல்கள் வரிசைப்படுவதில் பங்கெடுப்பதாகக் காட்டியது.

என் சந்தேகம் எளிய கணக்குதான். பெரும்பாலான வளையங்கள் ஒரு செல்லில் ஒருசில பிரதிகளே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒட்டுமிடம் ஒன்றோ இரண்டோ. மைக்ரோ ஆர்.என்.ஏ.வோ ஆயிரக்கணக்கில் இருக்கலாம். கல்யாணப் பந்தியில் ஆயிரம் பேர் நிற்க, நாலு இலை போட்டு எல்லாரையும் உட்கார வைத்தேன் என்றால் நம்புவீர்களா?

குழாய்ச் சுவரில் பஞ்சு இல்லாத இன்னொரு உதாரணமும் உண்டு. மாரடைப்பு அபாயத்தோடு 2007-இல் தொடர்புபடுத்தப்பட்ட 9-ஆம் குரோமோசோம் பகுதியிலிருந்து வருகிற வட்ட ஆன்ரில். இது பி.இ.எஸ்.1 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு ரைபோசோம் உற்பத்தியை மந்தப்படுத்துகிறது என்று 2016-இல் காட்டினார்கள். அதனால் குழாயின் தசைச் செல்கள் கட்டுமீறிப் பெருகுவது குறைகிறது. கொழுப்புப் படிவுக்கு எதிரான பாதுகாப்பு.

இப்போது உங்கள் செய்தி. அதன் வேர் 2017-இல் 'சர்குலேஷன்' இதழில் வந்த சீன ஆய்வாக இருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் விழித்திரையின் எண்டோதீலியச் செல்களில் வட்ட எச்.ஐ.பி.கே.3 கூடுகிறது. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் அதை அடக்கியபோது விழித்திரைக் குழாய்களின் கசிவும் சேதமும் குறைந்தன. எலியில் கிடைத்த இந்தப் பலனை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் விளக்கம் பழையபடி பஞ்சுதான். விழித்திரையில் இது மைக்ரோ ஆர்.என்.ஏ.-30ஏ-வை உறிஞ்சுகிறது என்கிறார்கள். முந்தைய ஆண்டு, செல் பெருக்கம் பற்றிய ஆய்வில் இதே வளையம் மைக்ரோ ஆர்.என்.ஏ.-124-ஐப் பிடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எவ்வளவு வளையம், எவ்வளவு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்வரை நான் விளக்கத்தை நிறுத்தியே வைப்பேன்.

மருந்தாக்குவதில் வேறொரு சிக்கல். வளையத்தை மட்டும் தாக்க, தலையும் வாலும் ஒட்டிய அந்தச் சிறு சந்தியைத்தான் குறிவைக்க முடியும். மற்ற எல்லா எழுத்துகளும் சாதாரண ஆர்.என்.ஏ.விலும் அப்படியே இருக்கின்றன. கொஞ்சம் தவறினால் வேறெதையாவது அடித்துவிடும். இந்த வளையம் உடம்பின் பல திசுக்களில் உண்டு என்பதால் நரம்பில் ஏற்றுவது ஆபத்து. கண்ணுக்குள் நேரடியாக ஊசி போடும் பழக்கம் ஏற்கெனவே இருப்பதால், இப்படி ஒரு மருந்து என்றைக்காவது வந்தால் கண்ணுக்கே முதலில் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மா அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறுக்கிப் பிடித்தால் விழித்திரைச் சேதம் மட்டுப்படும் என்பதை பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பல வருஷம் தொடர்ந்த ஆய்வு 1998-லேயே காட்டிவிட்டது. லேசரும், கசிவை அடக்கும் வி.இ.ஜி.எஃப். எதிர்ப்பு ஊசியும் இன்றைக்கே கிடைக்கின்றன. நடுவிழித்திரையில் வீக்கம் இருக்கிறதா, அம்மாவுக்கு ஊசியா லேசரா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். ஓ.சி.டி. ஸ்கேன் தாளில் விழித்திரையின் மையத் தடிமன் மைக்ரானில் போட்டிருக்கும். அடுத்த முறை போகும்போது பழைய தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு உதவும்.

அன்புடன்.