பணமிருக்கும் ஊரில் கடை ஏன் மூடுகிறது?

கேள்வி: லண்டனுக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் குடியிருக்கும் இங்கிலாந்துக் கிராமங்களில் வீட்டு விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆனால் கடை, தபால் நிலையம், பப் என்று ஒவ்வொன்றாக மூடுகிறார்களே, ஏன்? இதற்கு வழி உண்டா?

பதில்: கடையை வாழவைப்பது ஊராரின் சம்பளம் அல்ல, பகலில் ஊருக்குள் நடமாடும் ஆட்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரின் கோரிங், சோல்சி போன்ற ஊர்களிலிருந்து ரெடிங் வழியாக லண்டனின் பாடிங்டன் நிலையத்துக்கு ரயில் போகிறது. காலையில் போனவர் இரவு ஏழரைக்குத் திரும்பும்போது பாலையும் ரொட்டியையும் பாடிங்டனிலேயே வாங்கியிருப்பார். ஐந்தரைக்குச் சாத்திவிடும் ஊர்க்கடைக்குள் அவர் எப்போது நுழைவது? மிச்சமிருப்பவர்கள் முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், கார் ஓட்டாதவர்கள். அவர்களைக் கடைக்கு இழுத்தது மூலையிலிருந்த தபால் கவுன்ட்டர். பென்ஷன் வாங்க வந்தவர் கையோடு பேப்பரும் முட்டையும் வாங்கிப் போனார். 2007 முதல் 2009 வரை நாடு முழுக்கச் சுமார் 2,500 தபால் கிளைகள் மூடப்பட்டன. அந்த வாடிக்கையும் பல ஊர்களில் போயிற்று. கார் ஓட்டாதவர்களைக் கடைக்குக் கொண்டுவரும் பஸ்ஸும் அப்படித்தான். 1986-இல் லண்டனுக்கு வெளியே பஸ் சேவை தனியார் போட்டிக்கு விடப்பட்டது. லாபமில்லாத தடங்கள் கவுன்சில் மானியத்தில்தான் ஓடுகின்றன; மானியம் நின்றால் பஸ்ஸும் நிற்கும்.

சாமான்தான் வேனில் வாசலுக்கே வருகிறதே, கடை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தனியாக வாழும் மூதாட்டிக்கு வேண்டியது அரை லிட்டர் பால். குறைந்தபட்சம் இத்தனை பவுண்டுக்கு வாங்கு என்கிற வேன் அவருக்கு உதவாது. வரிச்சலுகை கொடுத்தால் போதாதா என்றால், அது ஏற்கெனவே இருக்கிறது: 3,000 பேருக்குக் குறைவான ஊரில், வரி மதிப்பு 8,500 பவுண்டுக்கு மேற்படாத ஒரே மளிகைக்கடைக்குத் தொழில் வரி கிடையாது. வரி மிச்சமாகும், வாடிக்கையாளர் வரமாட்டார்.

ஆகவே ஊராரே உரிமையாளராவதுதான் உறுதியான வழி என்பேன். கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் ஓல்ட் கிரவுன் பப்பை 2003-இல் ஊரார் கூட்டுறவாக வாங்கினார்கள். அது ரயிலடி ஊரல்ல. ஆனால் பங்கு போட்டவர் தன் பப்புக்குத்தான் போவார் என்பது எங்கும் பொருந்தும். 2011-ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி, உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் சேர்ந்தாலே கடையையோ பப்பையோ ஊர்ச்சொத்தாகப் பட்டியலிடக் கோரலாம். பிறகு அது விற்பனைக்கு வந்தால், ஆறு வாரத்துக்குள் விருப்பம் தெரிவிக்கும் ஊர்க்குழுவுக்குப் பணம் திரட்ட மொத்தம் ஆறு மாத அவகாசம் கிடைக்கும். உரிமையாளர் அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறு மாதம் பங்கு திரட்டப் போதாத காலம் என்பதால், கடை நன்றாக ஓடும்போதே விண்ணப்பித்து, பங்கு திரட்டவும் தொடங்கிவிட வேண்டும்.