மதியச் சாப்பாடும் மழலைச் செல்வமும்



கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் குழந்தை இல்லாவிட்டால், ஊரார் முதலில் பார்ப்பது மனைவியின் முகத்தைத்தான். அரசமரம் சுற்றுவது அவள். விரதம் இருப்பது அவள். கண்ட லேகியத்தையும் விழுங்குவது அவள். கணவனின் தட்டிலும் டம்ளரிலும் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தப் பிரசுரத்தில் அதைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு பைபாஸ் ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுக்கடையை ஒட்டி ஒரு பார். அதற்குள்ளேயே அடுப்பு, பெரிய இரும்புச் சட்டி, தோசைக்கல். போர்டில் சைனீஸ், தந்தூரி, செட்டிநாடு எல்லாம் ஒன்றாக எழுதியிருக்கிறது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு இரண்டு நண்பர்கள் வந்து உட்காருகிறார்கள். ஒருவர் லாரி ஓட்டுகிறவர். மற்றவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன்.

"கோபி மஞ்சூரியன் ஒண்ணு, சிக்கன் பிரைடு ரைஸ் ஒண்ணு, பரோட்டா நாலு. அப்பறம் ஒரு குவார்ட்டர்" என்கிறார் லாரிக்காரர்.

"எனக்குச் சோடா போதும் பங்காளி. ரெண்டு ஆம்லெட் சேத்துச் சொல்லு."

இந்தக் கலப்புச் சாப்பாட்டைப் பழிப்பது நமது நோக்கமல்ல. கல்கத்தாவில் குடியேறிய சீனக் குடும்பங்கள் நம்மவர் நாக்குக்கு ஏற்றபடி மிளகாயும் இஞ்சி பூண்டும் சேர்த்துச் சமைத்ததில் பிறந்த சமையல் இது. மஞ்சூரியனை 1975-இல் பம்பாயில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் முதலில் செய்தார் என்பார்கள். சீனாவில் போய்க் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார்கள். ருசியாகவே இருக்கிறது, எப்போதாவது சாப்பிட்டால் குற்றமில்லை. ஆனால் சோயா சாஸிலும் மசாலாவிலும் உப்பு அதிகம். உப்பு தாகத்தைக் கூட்டும். தாகத்துக்குக் கையருகே இருப்பது எது? அந்த டம்ளர்தான். பாரில் பலகாரம் காரசாரமாக இருப்பதில் ஒரு வியாபாரக் கணக்கும் உண்டு.

பேச்சு வீட்டுப் பக்கம் திரும்புகிறது.

"நாலு வருஷம் ஆச்சு பங்காளி. வேற பொண்ணு பாக்கலாமான்னு எங்கம்மா கேக்கறாங்க."

"தங்கச்சிய டாக்டருகிட்டக் காட்டுனியா?"

"காட்டியாச்சு. ஸ்கேன், ரத்தம் எல்லாம் பாத்தாச்சு. ஒரு குறையும் இல்லீன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"நீ டெஸ்ட் எடுத்தியா?"

லாரிக்காரர் மஞ்சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு, "எனக்கென்ன குறை? ராவும் பகலும் வண்டி ஓட்டறேன். நான் ஆம்பளை இல்லியா?" என்கிறார்.

இந்தக் கேள்வியில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆண்மை வேறு, விந்தணுவின் எண்ணிக்கை வேறு. தாம்பத்திய உறவில் எந்தக் குறையும் இல்லாத, நல்ல உடற்கட்டுள்ள ஆணுக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம், ஓட்டமில்லாமல் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் குறை கணவனிடம் இருப்பதும் மனைவியிடம் இருப்பதும் இருவரிடமும் இருப்பதும் சகஜம். ஆகவே பரிசோதனையும் இருவருக்கும் வேண்டும். மருமகளை மாற்றினால் மகனின் விந்தணு கூடிவிடாது என்பதை மாமியார்மார்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி அந்தக் குவார்ட்டரைக் கணக்குப் பார்ப்போம். 180 மில்லி பாட்டில், அதில் ஏறத்தாழ 43 சதவீதம் சாராயச் சத்து. எடையில் சுமார் 60 கிராம். நமது ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழு முதல் பத்து கிராம்தான் எரிக்கும். மத்தியானம் ஒன்றரைக்குக் குடித்தது முழுதாக வெளியேற இரவு எட்டு மணியாவது ஆகும். நாலு பரோட்டா தின்றால் போதை மெதுவாக ஏறும், அவ்வளவே. உள்ளே போன அளவு குறையாது. மோரும் எலுமிச்சையும் குளிரக் குளிரக் குளிப்பதும் அதை விரைவுபடுத்தாது. அந்த உடம்போடு ஸ்டியரிங் பிடித்தால், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே குற்றம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

தினமும் இந்த அளவு குடிப்பவருக்கு ஆண் சுரப்புநீர் குறையும். விந்தணு உற்பத்தி கெடும், அணுக்களின் வடிவம் சிதையும். நாளடைவில் உறவிலேயே தளர்ச்சி வரும். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாம் இதற்குக் கூட்டாளிகள். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதும் காரணத்தோடுதான். உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். என்ஜின் சூட்டில் மணிக்கணக்காக உட்காருகிறவர்கள் இடையிடையே இறங்கி நடப்பது நல்லது. இறுக்கமான உள்ளாடை வேண்டாம்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகிறது. இன்று குடியை விட்டால் மூன்று மாதம் கழித்து வருவது புதுப் பயிர். குடியினால் வந்த குறை பலருக்கு இப்படியே சீராகிவிடுகிறது.

கோழிப்பண்ணைக்காரர் இன்னொரு கேள்வியும் கேட்டார். டாக்டர்களே சில நேரம் கேட்க மறக்கும் கேள்வி அது.

"மாசத்துல எத்தனை நாள் பங்காளி வீட்ல இருக்கே?"

"அஞ்சு நாளோ, ஆறு நாளோ. லோடு கெடைக்கறதப் பொறுத்து."

"அது எந்த அஞ்சு நாளு?"

மாதவிலக்கு 28 நாளைக்கு ஒருமுறை தவறாமல் வரும் பெண்ணுக்கு, விலக்கான முதல் நாளை ஒன்று என்று எண்ணினால், ஏறத்தாழ 14-ஆம் நாள் கருமுட்டை வெளிவரும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். எனவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கரு தரிக்கும் காலம். அந்த நாட்களில் கணவன் நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தால் குழந்தை எப்படி வரும்? இது நோயே அல்ல, நாள் கணக்கு. காலண்டரில் மனைவி ஒரு வட்டம் போட்டு வைக்கட்டும். முதலாளியிடம் அந்த வாரம் லீவு கேளுங்கள். வெளியூரில் கூலிக்கும் மில் வேலைக்கும் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். விலக்கு முன்னே பின்னே வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தடை ஏதும் இல்லாமல் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள். மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே போய்விடுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போவது என்று எழுதித் தருவார்கள்.

விந்து பரிசோதனையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊசி கிடையாது, வலி கிடையாது. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் உறவின்றி இருந்து, கொடுக்கிற சுத்தமான டப்பாவில் கையால் எடுத்துத் தர வேண்டும். கடையில் வாங்கும் நிரோத் உறையில் பிடித்துக் கொண்டுவரக் கூடாது, சில உறைகளில் உள்ள பூச்சு அணுக்களைக் கொன்றுவிடும். வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். ஐஸ் பெட்டி வேண்டாம். ஒரு மில்லியில் ஒரு கோடியே அறுபது லட்சம் அணுக்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கொடுத்த கீழ் அளவு. அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. சில வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். ஒன்றுமே இல்லை என்று வந்தாலும், அடைப்பா வேறு காரணமா என்று கண்டுபிடிக்க வழி உண்டு.

இந்த மூன்று மாதமும் மனைவிக்குச் சும்மா இருக்கும் காலமல்ல. தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமில மாத்திரையைக் கரு தங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும். சிசுவின் முதுகுத்தண்டும் மூளையும் முதல் நான்கு வாரத்திலேயே உருவாகிவிடுகின்றன. கர்ப்பம் என்று பலருக்குத் தெரிவதற்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். இரண்டொரு நாளில் கைநடுக்கம், வேர்வை, மனக்குழப்பம், சிலருக்கு வலிப்பும் வரும். இது உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையோடு நிறுத்தலாம். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். கூட ஒரு நண்பர் போவது நல்லது. சோடா குடித்த நண்பராக இருந்தால் இன்னும் நல்லது.